யார் பாடு?

தருமலிங்கத்திடம் எந்தப் பொருளும் இரண்டாகத் தங்காது. குப்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். வீட்டில் இரண்டு குடை இருந்தால் ஒன்று போய்விடும். இரண்டு நைலான் கயிறு இருந்தால் ஒன்று யார் படகிலாவது கிடக்கும். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். வளர்மதிக்கு மட்டும் சிரிப்போடு கொஞ்சம் எரிச்சலும் வரும். அவள் அவனுக்கு அக்கா. அவன் கொடுத்ததற்கெல்லாம் முதலில் கஷ்டப்பட்டவள் அவள்தான்.

பள்ளிக்கூடத்தில் இலவசச் சீருடை இரண்டு செட் கொடுத்தார்கள். அவன் ஒரு செட்டோடு வீட்டுக்கு வந்து நின்றான்.

"இன்னொண்ணு எங்கடா?"

"ஏகாம்பரத்துக்கு அளவு பத்தலக்கா. அவனுக்குக் குடுத்துட்டேன்."

"உனக்கு?"

"போட்டுகினு இருக்கேனே, தெரியல?"

அம்மா கூடை தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போய்விடுவாள். அந்த ஒரே சட்டையைத் தினமும் சாயங்காலம் துவைத்துக் கொடியில் போட்டவள் வளர்மதி. மழைக்காலத்தில் அது காயாது. ஈரச் சட்டையை அவன் மாட்டிக்கொண்டு போகும்போது, "கொடுத்த புண்ணியம் உனக்கு, துவைச்ச கை எனக்கு" என்று தலையில் ஒரு குட்டு வைத்து அனுப்புவாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அவன் பத்தாவது வரை போனான். பத்தாவதில் அவன் தேறியபோது, தானே தேறியதைப்போல் பழவேற்காடு கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக நின்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவனை மகான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐஸ் வாங்கும்போது கடைக்காரன் அழுதுவிடும் அளவுக்குப் பேரம் பேசுவான். தன்னிடம் ஒன்றே ஒன்றாக இருப்பதைச் சொந்த அக்கா கேட்டாலும் தரமாட்டான். ஒருமுறை மின்சாரம் போனபோது வளர்மதி டார்ச் லைட் கேட்டு ஆள் அனுப்பினாள். "ஒண்ணுதான் கீது, மெழுகுவத்தி வாங்கிக்கச் சொல்லு" என்று பதில் வந்தது. அந்தக் கோபம் அவளுக்கு ரொம்ப நாள் இருந்தது.

அவன் கணக்கே தனி. "ஒண்ணு நம்மளுது. அதுக்கு மேல இருக்கிறது வழி தெரியாம நம்ம வீட்டுக்கு வந்ததுக்கா. அத ஒழுங்கா அதோட வீட்ல கொண்டுபோய் விடணும்" என்பான். யாராவது அவன் பெயரைச் சொல்லி, "பேர்லயே தருமம் வச்சிகினு கீறான், அதான்" என்று கேலி செய்தால் மட்டும் முகம் சிவந்துவிடும். "தருமம் இன்னாத்துக்கு? அவங்களுத அவங்ககிட்ட குடுத்தா அது தருமமா?" என்று சண்டைக்குப் போவான்.

கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கணக்கில் ஒரு பெரிய வம்பு வந்தது. அவன் மனைவி ஜமுனாவிடம் இரண்டு மிக்சி இருந்தது. ஒன்று அரசாங்கம் கொடுத்தது. மற்றது அவள் அம்மா வீட்டுச் சீர். அவள் பொன்னேரிக்குப் போய்விட்டு வருவதற்குள் ஒன்றை எடுத்துப் பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்தது அம்மா வீட்டு மிக்சி.

ஜமுனா நேராக வளர்மதியிடம் வந்தாள். "அண்ணி, உங்க தம்பிக்கிட்ட கேளுங்க. குடுக்கறதுதான் குடுக்கறாரு, அந்த லாரி மாதிரி சத்தம் போடறத குடுக்கக் கூடாதா?"

அவன் பின்னாலேயே வந்து நின்றான். "சத்தம் போடறத குடுத்தா அது தள்ளிவிடறது. குடுக்கறது இல்ல."

"அது எங்க அம்மா வாங்கிக் குடுத்ததுடா பாவி" என்று ஜமுனா கத்தினாள். கோபத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

வளர்மதி அன்றைக்குத் தம்பிக்குப் பரிந்து பேசவில்லை. "உன்னுது ரெண்டு இருந்தா குடு. அடுத்தவங்க ரெண்ட எண்றதுக்கு நீ யாரு?" என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். அதற்குப் பிறகு தன் பொருளைத் தவிர வேறு எதிலும் அவன் கை வைக்கவில்லை. ஜமுனா மட்டும் வீட்டில் எதையும் இரண்டாவதாக வாங்கும் முன் பலமுறை யோசிக்கப் பழகிக்கொண்டாள்.

இப்படிக் குடை, கயிறு, மிக்சி என்று போய்க்கொண்டிருந்தது பாடு வரைக்கும் வந்து நின்றது.

பாடு என்பது அந்த ஏரிக்கரையில் மீன்பிடிக்கும் முறை. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் இறாலும் மடவையும் நிறைய வரும். அந்த இடம் எல்லோருக்கும் போதாது. அதனால் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு ஒன்று என்று முறை வைத்திருந்தார்கள். தன் முறை வருகிற அன்று ஒருவன் அங்கே கழி நட்டு வலை கட்டுவான். அன்றைய தண்ணீர் கொண்டுவருவது எல்லாம் அவனுக்கு. மற்றவன் கிட்டே வரமாட்டான். "இன்னைக்கு என் பாடு" என்றால் இன்றைக்கு என் முறை என்று பொருள். ஆனால் பாடு என்றால் கஷ்டமும்தானே. குப்பத்தில் இதை வைத்து ஒரு பேச்சு உண்டு: பாடு இருக்கிறவன் படுத்துத் தூங்குவான், பாடு இல்லாதவன் பாடுபடுவான்.

பாடு இல்லாத ஊர்கள் ஏரியைச் சுற்றி இருந்தன. அந்த ஊர்ப் பெண்கள் கரையோரச் சேற்றில் தவழ்ந்துபோய்க் கையாலேயே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி என்ற சிறு கூடை. இரண்டு கையும் சேற்றுக்குள் துழாவுவதால் பறியின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டே போக வேண்டும்.

தருமலிங்கத்துக்கு அவன் பாடு ஒன்று. நைனாவிடமிருந்து, அதாவது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவின் தம்பியான சின்ன நைனாவுக்குப் பிள்ளை இல்லை. வாதம் வந்து பல வருஷம் படுக்கையில் கிடந்தார். அவருக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, கடைசிவரை பார்த்துக்கொண்டவள் வளர்மதி. அவர் போனபின் அவருடைய பாடும் ஆண் வாரிசு என்று தருமலிங்கத்திடம் வந்தது. ஆக இரண்டு பாடு. குப்பத்தில் வேறு யாருக்கும் இரண்டு இல்லை.

வளர்மதிக்கு அந்த இரண்டாவது பாட்டின்மேல் ஓர் ஆசை இருந்தது. அவள் மகன் பிரசாந்த் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குப் பாடு கொடுப்பதை ஊர் எப்போதோ நிறுத்திவிட்டது. ஏரி அவ்வளவு தாங்காது. சின்ன நைனாவின் பாட்டைத் தம்பி தன் மகனுக்கு விட்டுத்தருவான் என்று அவள் எண்ணியிருந்தாள். வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே புரிந்துகொள்வான் என்று இருந்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை கங்கையம்மன் கோவில் முன்னால் பாடு கூப்பிடுவார்கள். ஊர்த்தலைவர் லோகநாதன் ஒவ்வொரு முறையாகச் சொல்லி, "இது யாரு பாடு?" என்று கேட்பார். உரியவன் எழுந்து "என் பாடு" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை கேட்டும் பதில் வராவிட்டால் அந்த முறை ஊருக்குப் போய்விடும். அம்மன் முன்னால் சொன்ன பதிலை மாற்றக் கூடாது. இவை அங்கே யாரும் மீறாத வழக்கம்.

அந்த வருஷம் கூப்பிடுகிற அன்று, ஏரியின் அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வெண்ணிலா என்ற பெண் நான்கைந்து பேரோடு வந்து ஓரமாக நின்றிருந்தாள். இறால் பிடிக்கிறவள். நாற்பது வயதிருக்கும். முட்டி இரண்டும் சிப்பி கிழித்துக் கிழித்துக் காய்த்துப் போயிருந்தன. இந்தக் குப்பத்துப் படகுகள் கரையை ஒட்டி வேகமாகப் போவதால் அலையில் தாங்கள் மூழ்குகிறோம், பறி அடித்துக்கொண்டு போகிறது, கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்கள் என்று தலைவரிடம் முறையிட வந்திருந்தார்கள். கூப்பிட்டு முடியட்டும் என்று அவர்களை நிற்க வைத்துவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த வளர்மதி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முறை வந்தது. "என் பாடு" என்று எழுந்து சொல்லி உட்கார்ந்தான். பிறகு சின்ன நைனாவின் முறை வந்தது.

"இது யாரு பாடு?" என்றார் தலைவர்.

தருமலிங்கம் எழவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான். வளர்மதிக்கு அந்த உதடு தெரியும். ஏகாம்பரத்துக்குச் சட்டையைக் கொடுத்துவிட்டு வந்த நாளில் இருந்த அதே உதடு.

"யாரு பாடுப்பா? லிங்கம், உன்னத்தான். தூங்கறியா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"மூணாவது வாட்டி கேக்கறேன். யாரு பாடு? சொல்லுங்கப்பா, இது யாரு பாடு?"

ஓரத்தில் நின்ற வெண்ணிலாவுக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவள். தங்களைப் பார்த்துத்தான் யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

"எங்க பாடுதான்!" என்று கத்தினாள். "காலைலேர்ந்து வெயில்ல நிக்கறோமே, இது யாரு பாடு? எங்க பாடுதான், வேற யாரு பாடு?"

கூட்டம் ஒரு கணம் திகைத்து, அப்புறம் இடிந்து விழுந்ததுபோல் சிரித்தது. தலைவரே வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் வெண்ணிலா இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

தருமலிங்கம் அப்போதுதான் எழுந்தான். "பதில் வந்துடுச்சி தலைவரே. அடுத்தத கூப்புடுங்க."

சிரிப்பு நின்றது.

"இன்னாடா வெளாடறியா?"

"வெளாடல. கேட்டது நீங்க. மூணு வாட்டி கேட்டீங்க. பதில் சொன்னது அந்தம்மா. அம்மன் முன்னாடி சொன்னது சொன்னதுதானே?"

"அது வெளியூர்டா!"

"அம்மன் ஊரு கேட்டுகினா காது குடுக்குது?"

கூட்டத்தில் பலர் எழுந்துவிட்டார்கள். "துட்டுத் திமிரு இவனுக்கு" என்றான் ஒருவன். "இன்னைக்கு ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு அந்த ஊரே வந்து கழி நடும்" என்றான் இன்னொருவன். கடைசியில் தலைவர் கையை உயர்த்தினார். வெளியாளைப் பாட்டில் இறக்கினால் இறக்கினவனுடைய பாடும் போய்விடும், அது ஊர்க் கட்டு, ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவு செய்வோம் என்றார். வெண்ணிலாவும் அவள் கூட வந்தவர்களும் என்ன நடந்ததென்று பாதி புரிந்து பாதி புரியாமல் கிளம்பிப் போனார்கள். அவர்கள் சொல்ல வந்த முறையீட்டை அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் தருமலிங்கம் அக்கா வீட்டுக்கு வந்தான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"கோவமாக்கா?"

"உன் பாடும் சேந்து போச்சின்னா இன்னா துன்னுவ? ஜமுனாவும் புள்ளைங்களும் இன்னா துன்னும்?"

"போவாது."

"போச்சின்னா?"

அவன் தரையில் கிடந்த மீன் செதிலைக் காலால் தள்ளினான். பயந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு, "போச்சின்னா நானும் ஒரு பறிய எடுத்துகினு எறங்கிடறேன்" என்றான்.

"ஏற்கனவே முன்பல்லு ஆடுது. பறிய எத வச்சிக் கடிப்ப?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பக்கத்தில் குந்தினான்.

"அவங்க சேத்துல தவழறப்ப நான் பக்கத்துல படகுல போறேன்க்கா. நம்ம படகு அலை அவங்க வாய்க்குள்ள போவுது. வாயத் தொறந்து திட்டக்கூட முடியல, பறி கீதே. கண்ணாலயே திட்டறாங்க. ரெண்டு பாடு வச்சிகினு நான் இன்னா பண்றேன்? ஒண்ணுல துன்றேன். இன்னொண்ணுல வர்றத பொட்டில வைக்கறேன்."

"பொட்டில வைக்கறது நாளைக்குடா."

"நம்மளுக்கு வர்ற நாளைக்குதானே அவங்களுக்கும் வருது. அவங்களுக்கு இன்னைக்கே இல்ல."

அவள் மீன் தண்ணீரை வேலியோரம் கொட்டிவிட்டு வந்தாள். கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். "பிரசாந்துக்குக் குடுப்பேன்னு நெனச்சிகினு இருந்தேன்."

தருமலிங்கம் நிமிர்ந்து பார்த்தான். அவன் அப்படி ஒன்றை நினைத்தே பார்த்ததில்லை என்பது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "அவன் கேட்டானா?"

"அவன் கேக்கல."

"கேட்டா குடுத்துடறேன்க்கா. சத்தியமா. அவனுக்கு வேணும்னா அது மிச்சம் இல்ல."

அவன் போன பிறகு அவள் மகனுக்குப் போன் போட்டாள். பிரசாந்த் தூக்கக் குரலில் பேசினான். "மா, நைட் ஷிப்டுக்குப் போவணும், இப்பதான் எழுந்தேன். எனக்கு எதுக்குமா பாடு? கழி நட்டு நான் பாத்ததே இல்ல. ஒப்பந்தம் போச்சின்னா வேற கம்பெனி." அதை அவள் முன்பே பலமுறை அவன் வாயால் கேட்டிருக்கிறாள். கேட்டும், ஒருநாள் மாறுவான் என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் அது முழுதாகக் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. வெண்ணிலாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். தலைவர் லோகநாதன் கெட்டவர் அல்ல. தருமலிங்கத்தின் பாட்டைப் பிடுங்க அவருக்கு மனமில்லை. வழக்கத்தை விடவும் முடியவில்லை. அவர் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். வழக்கமில்லாத வழக்கமாக வளர்மதியை முன்னால் கூப்பிட்டார்.

"இதப் பாரும்மா. உன் சின்ன நைனாவ கடைசி வரைக்கும் பாத்தது நீ. அது ஊருக்கே தெரியும். அந்தப் பாட்ட என் புள்ளைக்குத்தான் வச்சிருந்தோம்னு நீ ஒரு வார்த்த சொல்லு. பிரசாந்த் பேர்ல எழுதிடலாம். உன் தம்பி பாடும் தப்பிச்சிடும். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல."

ஒரு வார்த்தைதான். அவள் இத்தனை வருஷம் மனதுக்குள் வைத்திருந்த அதே வார்த்தை. சொன்னால் தம்பியும் தப்பிப்பான். அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைத் தடுக்கும்படி எதுவும் செய்யவில்லை. சொல்லுக்கா, பரவாயில்லை என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

வெண்ணிலா ஒரு பக்கமாக நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைவரே, எனக்கு ஒண்ணு வெளங்கல" என்றாள் வளர்மதி. "சின்ன நைனா படுக்கைல கெடந்தாரே. அப்ப அவரு பாட்ட யாரு இழுத்தது?"

"கூலி ஆளுங்க."

"எந்த ஊரு?"

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அக்கரை ஆளுங்கதான்" என்று முணுமுணுத்தார்.

"அப்ப வெளியாள் எறங்கி இருக்காங்க. ஊர்க் கட்டு கெடல. அம்மனும் கோச்சிக்கல."

"அது கூலிக்கும்மா. பாதி வீட்டுக்கு, பாதி அவங்களுக்கு."

"கூலி எவ்ளோன்னு ஊரு சொல்லிச்சா, வீட்டுக்காரங்க சொன்னாங்களா?"

"வீட்டுக்காரங்கதான்."

"அப்ப பாதி குடுத்தா கூலி. முழுசா குடுத்தா மட்டும் குத்தமா?"

அவளே தொடர்ந்தாள். "பாடு சின்ன நைனா பேர்லயே இருக்கட்டும். மொதக் கழிய எங்க வீட்டு ஆளு நடட்டும். மத்தத இந்தம்மாவும் இவங்க ஊருப் பொம்பளைங்களும் பாத்துக்கட்டும். கூலி நாங்க குடுக்கறது. எங்க இஷ்டம்."

"முழுசும் கூலியா?" என்றார் தலைவர்.

"தாராளமான வீடுன்னு வச்சிக்குங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பாக இருந்தது. தலைவர் பெரியவர்களோடு குனிந்து கொஞ்சநேரம் பேசினார். நிமிர்ந்து, "அம்மன் சாட்சியா அப்படியே நடக்கட்டும்" என்றார். படகுகள் கரையிலிருந்து தள்ளிப் போக வேண்டும் என்ற வெண்ணிலாவின் பழைய முறையீட்டையும் அன்றே கேட்டு, சரி என்று சொன்னார்.

வளர்மதி கூட்டத்தை விட்டு வெளியே வந்தாள். தம்பி வந்து கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் வந்தான், ஆனால் முகம் தெளியவில்லை.

"பேரு நம்மகிட்ட, மீனு அவங்ககிட்ட. இது பாதிதான்க்கா. நாள பின்ன நம்ம வீட்ல எவனாவது ஒருத்தன் கூலிய கொறச்சிட்டா? அவங்க இன்னா கேக்க முடியும்?"

"அடப்பாவி. உன் பாட்டையே காப்பாத்திக் குடுத்திருக்கேன், கொற சொல்றியே."

"கொற இல்ல. பாதி."

"மீதிக்கு அடுத்த வருசம் நீயே சண்ட போடு. இன்னைக்கு எனக்கு மூச்சு வாங்குது."

அவன் சிரித்தான். "இன்னா வக்கீலு மாதிரி பேசிட்ட!" என்றான். வாழ்நாளில் அவன் அவளைப் புகழ்ந்தது அது ஒருமுறைதான். அவள் அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெண்ணிலா அவர்கள் பக்கம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று பார்த்தால், "சரி, வலை?" என்றாள்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருமே அதை யோசிக்கவில்லை.

"பாடு குடுத்துட்டீங்க. எங்ககிட்ட பறிதான் கீது. பறிய கழில கட்டறதா?"

தருமலிங்கத்தின் வலை அவன் சொந்தப் பாட்டுக்கு வேண்டும். புது வலை வாங்க வெண்ணிலாவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? வளர்மதி வீட்டுக்கு நடந்தாள், அவர்களும் பின்னால் போனார்கள். பரணில் ஏறினாள். சின்ன நைனாவின் வலை வெள்ளைச் சாக்கில் கட்டி, வேப்பிலை போட்டு, அங்கே இருந்தது. பிரசாந்துக்கு என்று வைத்தது. வருஷா வருஷம் வேப்பிலையை மாற்றியிருக்கிறாள். தருமலிங்கம் கீழே நின்று வாங்கிக்கொண்டான். வலை மணலில் விரிந்தது.

வெண்ணிலா வலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நடந்தாள். அடிமடிப்பில் எலி புகுந்திருந்தது. ஆள் நுழைகிற அளவுக்கு இரண்டு மூன்று இடத்தில் ஓட்டை.

"யக்கா, இது மீனு புடிக்கவா, மீன வழியனுப்பவா?"

தருமலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜமுனா ஓடிவந்து பார்த்து அவளும் சிரித்தாள். வளர்மதிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் கை பட்ட பொருளில் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. உள்ளே போய் வலை ஊசியும் நூலும் எடுத்துவந்து மணலில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கத்த இழுத்துப் புடிடா. சிரிக்காத. ஓட்டையோட குடுத்தா அது தள்ளிவிடறது."

அவர்கள் பாடு வருவதற்குள் வலை தயாராகிவிட்டது. எலி கடித்ததை முழுதும் வெட்டி எடுத்துவிட்டு, புது நூலில் வலையின் கண்ணுக்குக் கண் அளவு பார்த்துப் பின்னியிருந்தாள். எது பழையது எது புதியது என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். தருமலிங்கம் முதல் கழியை நட்டுக் கொடுத்துவிட்டுக் கரைக்கு வந்துவிட்டான். மற்றக் கழிகளை அந்தப் பெண்களே நட்டார்கள். இரண்டு கழி சாய்ந்தது. கரையிலிருந்து அவன் கத்தி வழி சொன்னான். "பேசாம உக்காருங்கண்ணே, எங்க பாடு" என்று தண்ணீரிலிருந்து பதில் வந்தது.

விடிந்தபோது வலை கனத்துத்தான் வந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது. வெள்ளை இறால், கொஞ்சம் மடவை, நாலைந்து நண்டு. ஆனால் சேற்றில் தவழ்ந்து ஒருத்தி அதை ஒரே நாளில் பார்த்திருக்க முடியாது. ஈர உடையோடு அவர்கள் கரையேறி நின்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விலை கேட்ட வியாபாரியை வெண்ணிலா ஒரு வாங்கு வாங்கினாள். அப்புறம் தருமலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அடுத்த வருசம் கூப்புடறப்ப எங்க பேர கூப்புடுவாங்களா?"

"சண்ட போடணும்மா."

"போடலாம். கடிச்சிகினு போறதுக்கு இனிமே பறி இல்ல. வாயி சும்மாதான இருக்கப் போவுது."

தருமலிங்கம் அக்காவைப் பார்த்தான். வளர்மதி அவர்கள் பக்கம் பார்க்கவில்லை. காயப் போட்டிருந்த வலையில் குனிந்து, தான் பின்னிய கண்களை விரலால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முடிச்சு கொஞ்சம் இளகியிருந்தது. அதைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.